சாம்பிள் ரூமாக ஒரு விர்ச்சுவல் மெஷின்: மென்பொருள் வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

திருப்பூரில் எந்தப் பனியன் கம்பெனியாக இருந்தாலும் பையர் ஒப்புக்கொள்ளும் வரை கட்டிங் டேபிளில் துணி விரிக்க மாட்டார்கள். சாம்பிள் ரூமில் முதலில் நான்கைந்து பீஸ் தைப்பார்கள். ஃபிட் சாம்பிள், சைஸ் செட், உற்பத்திக்கு முந்தைய பி.பி. சாம்பிள் என்று அது படிப்படியாகப் போகும். கழுத்துப்பட்டி கால் இன்ச் பிசகியிருந்தால் அங்கேயே பிரித்து மறுபடி தைப்பார்கள். அந்தத் தப்பு சாம்பிள் ரூமைத் தாண்டி வெளியே வராது.

மென்பொருள் எழுத வருகிறவர்களுக்கும் அப்படியொரு அறை வேண்டும். அதுதான் விர்ச்சுவல் மெஷின். எங்கள் ஆபீசில் எல்லோரும் வி.எம். என்றுதான் சொல்கிறோம். உங்கள் லேப்டாப்பின் மெமரியிலும் டிஸ்க்கிலும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, அதற்குள்ளேயே ஓடும் இன்னொரு முழுக் கணினி அது. அதற்கென்று தனி ஆபரேட்டிங் சிஸ்டம், தனி டிஸ்க், தனி நெட்வொர்க் முகவரி எல்லாம் உண்டு. வெளியே இருக்கும் லேப்டாப்பை ஹோஸ்ட் என்றும், உள்ளே ஓடுவதை கெஸ்ட் என்றும் சொல்வார்கள். இந்த இரண்டு சொல்லும் கடைசி வரை வரும்.

நான் இதைப் பட்டுத்தான் கற்றேன். திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கத்து நிட்டிங், டையிங் யூனிட்டுகளுக்கு ஜாப் ஒர்க் கணக்குப் பார்க்கும் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தேன். புது வாடிக்கையாளர் ஒருவருக்கு மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸின் 8-ஆம் பதிப்பு தேவைப்பட்டது. என் லேப்டாப்பில் இருந்த 5.7-ஐ அப்படியே 8-க்கு ஏற்றிவிட்டேன். பழைய வாடிக்கையாளர்களின் மென்பொருளில் துணி ரகங்களை வைத்திருந்த டேபிளின் பெயர் 'குரூப்ஸ்'. 8-ஆம் பதிப்பில் அந்தச் சொல்லை டேட்டாபேஸ் தனக்கென்று ஒதுக்கிக்கொண்டுவிட்டது. அந்த டேபிளைத் தொட்ட குவெரி அத்தனையும் எரர் கொடுத்தது. திரும்பிப் போகவும் வழியில்லை, 8 ஒருமுறை மாற்றிவிட்ட டேட்டாவை 5.7 திறக்காது. அன்றைக்குத் தேதி 10. மறுநாள் விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்.-1 தாக்கல் செய்யக் கடைசி நாள். பழைய வாடிக்கையாளர் ஒருவருக்கு ரிப்போர்ட்டில் ஒரு திருத்தம் அன்று இரவுக்குள் வேண்டியிருந்தது. பழைய பேக்கப்பைத் தேடி, எல்லாவற்றையும் அழித்து, மறுபடி நிறுவி முடிக்கையில் விடிந்துவிட்டது. இரண்டு வி.எம். வைத்து, ஒன்றில் 5.7, இன்னொன்றில் 8 என்று பிரித்திருந்தால் அது பத்து நிமிட வேலை.

லேப்டாப்பில் என்ன இருக்க வேண்டும்

16 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி. டிஸ்க், அதில் 80 ஜிபி காலியிடம் இருந்தால் நிம்மதியாக வேலை செய்யலாம். 8 ஜிபி ரேமிலும் முடியும். ஆனால் கெஸ்ட்டில் உபுண்டு என்ற லினக்ஸின் டெஸ்க்டாப் இல்லாத சர்வர் பதிப்பைப் போட்டு, 2 ஜிபி மட்டும் கொடுக்க வேண்டும். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் ரேம் எவ்வளவு இருந்தாலும் வி.எம். தவழ்ந்துதான் போகும். கையில் கொஞ்சம் காசு இருந்தால் ரேமுக்கு முன்னால் எஸ்.எஸ்.டி. வாங்குங்கள்.

வி.எம். ஓட்டும் மென்பொருளில் நான் புதியவர்களுக்குச் சொல்வது விர்ச்சுவல்பாக்ஸ். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், அடிப்படைத் தொகுப்பு ஓப்பன் சோர்ஸ். ஒன்றை மட்டும் கவனியுங்கள். அதோடு தனியாகக் கிடைக்கும் எக்ஸ்டென்ஷன் பேக், சொந்த உபயோகத்துக்கும் படிப்புக்கும்தான் இலவசம். கம்பெனி வேலைக்கு உரிமம் வாங்க வேண்டும். இந்தக் கட்டுரையில் உள்ள எதற்கும் அது தேவையில்லை, அதனால் இறக்கவே வேண்டாம். விஎம்வேர் ஒர்க்ஸ்டேஷன் புரோ 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம், அதுவும் நல்ல தேர்வு. ஹோஸ்ட்டே லினக்ஸ் என்றால் கெர்னலுக்குள்ளேயே 2007 முதல் இருக்கும் கேவிஎம் என்ற வி.எம். வசதியை, அதற்கு ஜன்னல் தரும் விர்ட் மேனேஜரோடு பயன்படுத்துங்கள். எம் வரிசைச் சிப் உள்ள மேக்கில் ஆர்ம் வகை லினக்ஸைத்தான் போட முடியும் என்பதை நினைவில் வையுங்கள்.

பயாஸில் ஒரு சுவிட்ச்

ப்ராசஸரில் வி.எம்.களுக்கென்றே ஒரு வசதி இருக்கிறது. இன்டெல் 2005-லும் ஏஎம்டி 2006-லும் கொண்டு வந்தவை. பல லேப்டாப்களில் அது அணைந்தே வரும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சி.பி.யு.வைத் தொட்டால் 'விர்ச்சுவலைசேஷன்' என்ற வரி தெரியும். 'எனேபிள்டு' என்றிருந்தால் தாண்டிப் போகலாம். 'டிசேபிள்டு' என்றால் லேப்டாப்பை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் எழும் முன்னரே திறக்கும் செட்டிங்ஸ் திரையான பயாஸுக்குள் நுழையுங்கள். பெரும்பாலும் எஃப்2, எஃப்10, டெலீட் மூன்றில் ஒரு விசை திறந்துவிடும். உள்ளே இன்டெல் என்றால் 'விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி', ஏஎம்டி என்றால் 'எஸ்.வி.எம். மோடு' என்று இருக்கும். அதை மட்டும் ஆன் செய்து, சேவ் கொடுத்து வெளியே வாருங்கள்.

போன வருடம் கோபியிலிருந்து வேலைக்குச் சேர்ந்த தம்பி மூன்றாம் நாள் வந்து நின்றான்.

"ஏனுங்ணா, டாஸ்க் மேனேஜர்ல எனேபிள்டுன்னுதான் காட்டுது. ஆனா வி.எம். ஆமையாட்டம் போகுதுங்ணா."

"கீழ ஓரத்துல ஆமைப் படம் ஏதாச்சும் தெரியுதா பாரு கண்ணு."

"ஆமாங்ணா, பச்சைக் கலர்ல ஒண்ணு இருக்குது!"

அந்த ஆமை நிஜமாகவே இருக்கிறது. விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் அது தெரிந்தால், விண்டோஸின் சொந்த வி.எம். வசதியான ஹைப்பர்-வி அந்த ப்ராசஸர் வசதியை முன்னமே பிடித்து வைத்திருக்கிறது, விர்ச்சுவல்பாக்ஸ் அதன் வழியாகத்தான் மெதுவாக ஓடுகிறது என்று பொருள். 'விண்டோஸ் ஃபீச்சர்ஸ்' பக்கத்தில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றின் டிக்கையும் எடுத்து ரீஸ்டார்ட் செய்தால் பெரும்பாலும் ஆமை போய்விடும். அதோடு விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் டபிள்யூ.எஸ்.எல்.-2, கன்டெய்னர் ஓட்டும் டோக்கர் டெஸ்க்டாப் இரண்டும் நின்றுபோகும். அவை உங்களுக்கு அன்றாடம் வேண்டியவை என்றால், விண்டோஸ் புரோ வைத்திருப்பவர்கள் ஹைப்பர்-வியையே பயன்படுத்துவது மேல். ஆமை வர இன்னொரு காரணம் 'கோர் ஐசொலேஷன்' பக்கத்தில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டி. அது பாதுகாப்புக்காக இருப்பது. வெளியாட்கள் அனுப்பும் ஃபைல்களைத் தினமும் திறக்கிற லேப்டாப்பில் அதை அணைக்காதீர்கள். கொஞ்சம் மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை.

மெஷினை எழுப்புதல்

முதல் கெஸ்ட்டுக்கு உபுண்டு 24.04 எல்.டி.எஸ். எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஏப்ரலில் வந்தது, 2029 வரை அப்டேட் கிடைக்கும். அதை நிறுவுவதற்கான டெஸ்க்டாப் ஐ.எஸ்.ஓ. ஃபைல் ஏறக்குறைய 6 ஜிபி இருக்கும். உபுண்டுவின் சொந்தத் தளத்தில் மட்டும் இறக்குங்கள். இறக்கியதும், ஃபைல் பிசகாமல் வந்ததா என்று காட்டும் அதன் ஷா-256 எண்ணைச் சரிபாருங்கள். விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்டில் செர்ட்யூட்டில் கருவியும், லினக்ஸில் ஷா256சம் கருவியும் அந்த எண்ணைக் கணக்கிட்டுத் தரும். தளத்தில் போட்டிருக்கும் எண்ணோடு ஓர் எழுத்து மாறினாலும் ஃபைலை அழித்துவிட்டு மறுபடி இறக்குங்கள். நடுவில் நெட் அறுந்து பாதியில் நின்ற ஐ.எஸ்.ஓ.வை வைத்துக்கொண்டு அரை நாள் போராடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விர்ச்சுவல்பாக்ஸில் 'நியூ' கொடுத்தால் பெயர் கேட்கும். 'டெஸ்ட்1' என்று வைக்காதீர்கள். 'உபுண்டு24-மைஎஸ்கியூஎல்8' என்பது போல உள்ளே என்ன இருக்கிறதோ அதையே பெயராக வையுங்கள். மூன்று மாதம் கழித்து டெஸ்ட்1 முதல் டெஸ்ட்9 வரை வரிசையாக நிற்கும்போது அருமை தெரியும்.

ஐ.எஸ்.ஓ.வைக் காட்டியதும் நீங்கள் எதையும் தொடாமலே தானாக நிறுவிக்கொள்கிறேன் என்று அது முன்வரும். அன்அட்டென்டட் இன்ஸ்டால் என்று பெயர். அதை வேண்டாம் என்று குறியுங்கள். விட்டுவிட்டால் விபாக்ஸ்யூசர் என்ற பயனர் பெயரும் சேஞ்ச்மீ என்ற பாஸ்வேர்டும் அமைந்துவிடும், அந்தப் பயனருக்கு நிர்வாகியாக வேலை செய்யும் சூடோ உரிமையும் இருக்காது. முதல் மென்பொருளை நிறுவும்போதே தடுக்கி விழுவீர்கள். கையால் நிறுவினால் கால் மணி நேரம் கூடுதல், ஆனால் ஒவ்வொரு திரையிலும் என்ன நடக்கிறது என்று புரியும்.

ஹோஸ்ட்டில் 16 ஜிபி இருந்தால் கெஸ்ட்டுக்கு 4 ஜிபி ரேம், 2 ப்ராசஸர். ஸ்லைடரில் பச்சைப் பகுதியைத் தாண்டிச் சிவப்புக்குப் போனால் ஹோஸ்ட் மூச்சுத் திணறும், அதோடு கெஸ்ட்டும் படுக்கும். டிஸ்க்குக்கு 40 ஜிபி கொடுங்கள். அளவை முன்கூட்டியே முழுதாக ஒதுக்கும் டிக்கைத் தொட வேண்டாம், அப்போது எழுத எழுதத்தான் ஃபைல் வளரும். வளர்ந்தது தானாகச் சுருங்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளே 20 ஜிபியை நிரப்பி அழித்தாலும் வெளியே அந்த ஃபைல் பெருத்தபடியேதான் நிற்கும்.

வாடிக்கையாளர் பக்கம் எல்லாமே விண்டோஸ் என்றால் விண்டோஸ் 11 கெஸ்ட்டும் ஒன்று வேண்டும். 4 ஜிபி ரேம், 64 ஜிபி டிஸ்க், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப் கேட்கும். விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 முதல் டி.பி.எம்.மை அதுவே உருவாக்கித் தரும். கெஸ்ட்டுக்கும் விண்டோஸ் உரிமம் தனியாக வேண்டும். சோதனைக்கு மட்டும் என்றால் மைக்ரோசாஃப்ட் தரும் 90 நாள் எவாலுவேஷன் பதிப்பு போதும்.

நிறுவி முடித்து ஒருமுறை அப்டேட் செய்த பின், 'டிவைசஸ்' மெனுவிலிருந்து கெஸ்ட் அடிஷன்ஸ் சி.டி.யைச் செருகி ஓட்டுங்கள். திரை முழு அளவுக்கு விரிவதும், காப்பி பேஸ்ட் இரு பக்கமும் போவதும் அதனால்தான். உபுண்டுவில் அதற்கு முன்னால் பில்ட் எசென்ஷியல் தொகுப்பை நிறுவியிருக்க வேண்டும்.

நெட்வொர்க்: பாதிப் பேர் மாட்டிக்கொள்ளும் இடம்

புது வி.எம். எப்போதும் 'நேட்' முறையில்தான் வரும். உள்ளிருந்து இணையத்துக்குப் போகலாம், வெளியிலிருந்து உள்ளே வர முடியாது. கெஸ்ட்டுக்கு 10.0.2.15 என்ற முகவரி கிடைக்கும். கெஸ்ட்டிலிருந்து 10.0.2.2 என்று கூப்பிட்டால் ஹோஸ்ட் எடுக்கும். இரண்டு வி.எம். ஓடினாலும் இரண்டுக்கும் அதே 10.0.2.15 தான், இரண்டும் ஒன்றையொன்று பார்க்காது. இதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதன் அமைப்பே அப்படி.

உள்ளே ஓடும் உங்கள் வெப் அப்ளிகேஷனை வெளியே பிரவுசரில் பார்க்க இரண்டு வழி. ஒன்று போர்ட் ஃபார்வேர்டிங், அதாவது ஹோஸ்ட்டின் ஒரு போர்ட்டுக்கு வருவதைக் கெஸ்ட்டின் போர்ட்டுக்கு அனுப்புவது. செட்டிங்ஸில் நெட்வொர்க், அடாப்டர் 1, அதற்குள் போர்ட் ஃபார்வேர்டிங் என்று போய், ஹோஸ்ட் போர்ட் 8080, கெஸ்ட் போர்ட் 80 என்று ஒரு வரி சேருங்கள். வெளியிலிருந்து கெஸ்ட்டுக்குள் நுழைந்து கமாண்ட் கொடுக்க உதவும் எஸ்.எஸ்.எச்.சுக்கு ஹோஸ்ட் 2222, கெஸ்ட் 22 என்று இன்னொரு வரி. உபுண்டு டெஸ்க்டாப்பில் எஸ்.எஸ்.எச். சர்வர் கூடவே வராது, தனியாக நிறுவ வேண்டும். இவ்வளவும் செய்து பக்கம் திறக்கவில்லை என்றால் நான் முதலில் பார்ப்பது, அப்ளிகேஷன் எந்த முகவரியில் காது கொடுக்கிறது என்பதைத்தான். 127.0.0.1 என்றிருந்தால் கெஸ்ட்டுக்குள் இருந்து வரும் அழைப்பு மட்டும் அதற்குக் கேட்கும். 0.0.0.0 என்று மாற்றுங்கள், பக்கம் திறக்கும். என்னிடம் வந்த புகார்களில் இதுதான் அதிகம்.

இரண்டாவது வழி, எனக்குப் பிடித்தது. மெஷினை அணைத்துவிட்டு அடாப்டர் 2-ஐ ஆன் செய்து 'ஹோஸ்ட் ஒன்லி' என்று வையுங்கள். கெஸ்ட்டுக்கு 192.168.56 என்று தொடங்கும் இரண்டாவது முகவரி கிடைக்கும். இணையத்துக்கு முதல் அட்டை, ஹோஸ்ட்டோடு பேச இரண்டாவது அட்டை. ஒவ்வொரு போர்ட்டுக்கும் வரி எழுதத் தேவையில்லை, வி.எம்.களும் ஒன்றையொன்று பார்க்கும்.

பிரிட்ஜ் முறை என்று மூன்றாவது உண்டு. அதில் உங்கள் வி.எம். ஆபீஸ் நெட்வொர்க்கில் தனிக் கணினியாகவே உட்கார்ந்துவிடும். ஃபோனிலிருந்தோ பார்கோடு ஸ்கேனரிலிருந்தோ சோதிக்க இது வேண்டும். வாடிக்கையாளர் இடத்தில் அவர்களைக் கேட்காமல் இதைப் போடாதீர்கள். அரைகுறையாக அமைத்த டெஸ்ட் மெஷின் அவர்களுடைய நெட்வொர்க்கில் நிற்பது நியாயமில்லை.

ஷேர்டு ஃபோல்டர் பற்றி ஒரு வார்த்தை. பில் பி.டி.எஃப்., எக்செல் ஃபைல் கொண்டுபோய்க் கொண்டுவர அது நல்லது. உபுண்டுவில் உங்கள் பயனரை விபாக்ஸ்எஸ்எஃப் குழுவில் சேர்த்து, வெளியேறி மறுபடி உள்ளே வந்தால் ஃபோல்டர் திறக்கும். ஆனால் புரோகிராமை அங்கே வைத்து ஓட்டாதீர்கள். வேறொரு ஃபைலைச் சுட்டும் சிம்பாலிக் லிங்க் அங்கே உருவாகாது, அதனால் நோட்.ஜே.எஸ். புராஜெக்ட்களில் பேக்கேஜ் நிறுவுவது பாதியில் நிற்கும். ஃபைல் மாறியதைக் கவனித்துத் தானாக ரீலோட் ஆவதும் நடக்காது. புரோகிராமை கெஸ்ட்டின் சொந்த டிஸ்க்கில் வைத்து, அதன் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் மூலம் வெளியே அனுப்புங்கள்.

ஸ்னாப்ஷாட்

ஒரு நேரத்தில் மெஷின் இருந்த நிலையை அப்படியே பதிந்து வைப்பதுதான் ஸ்னாப்ஷாட். இத்தனை பாடும் இதற்காகத்தான். எல்லாம் நிறுவி, அப்டேட் செய்து, நெட்வொர்க் சரிபார்த்து முடித்ததும் மெஷினை முறையாக அணையுங்கள். அணைந்த நிலையில் முதல் ஸ்னாப்ஷாட் எடுங்கள். ஓடும்போதே எடுத்தால் ரேமில் உள்ளதையும் சேர்த்து எழுதும், இடம் அடைக்கும். பெயரில் தேதியும் நிலைமையும் இருக்கட்டும்: 'சுத்தம், ஜூன் 5', 'டேட்டாபேஸ் ஏற்றுவதற்கு முன்'.

இனி எதை வேண்டுமானாலும் செய்து பாருங்கள். டேட்டாபேஸ் பதிப்பை மாற்றுங்கள், நிறுவும் ஸ்கிரிப்டை ஓட்டுங்கள், வேண்டுமென்றே பாதியில் நிறுத்துங்கள். சொதப்பினால் அணைத்து, ஸ்னாப்ஷாட்டைத் தேர்ந்து 'ரீஸ்டோர்' கொடுத்தால் ஒரு நிமிடத்தில் பழைய நிலை. வாடிக்கையாளருக்கு அனுப்பும் ஒவ்வொரு அப்டேட்டையும் சுத்தமான ஸ்னாப்ஷாட்டின் மேல் ஒருமுறை நிறுவிப் பார்த்தே அனுப்புகிறோம். உங்கள் லேப்டாப்பில் ஏற்கனவே இருக்கும் லைப்ரரியும் எழுத்துருவும் வாடிக்கையாளர் மெஷினில் இருக்காது, சுத்தமான வி.எம். அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் டி.சி. என்ற டெலிவரி சலான் அடிக்கும் ஒரு ரிப்போர்ட் எங்களிடம் அழகாக வந்தது, சுத்தமான கெஸ்ட்டில் வெறும் கட்டம் கட்டமாக வந்தது. எழுத்துருவை நிறுவும் தொகுப்பிலேயே சேர்க்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம்.

ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது. எல்லாம் அதே டிஸ்க்கில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வித்தியாசங்கள்தான். அடியில் உள்ளது கெட்டால் மேலே உள்ளதும் போகும். மாதக்கணக்கில் பதினைந்து இருபது என்று சேர்க்காதீர்கள். அழிக்கும்போது அடுக்குகளை ஒன்றாக்க வேண்டியிருப்பதால் அதற்கும் காலியிடம் கேட்கும். எனக்கு மூன்று போதும்.

தேதியை மாற்றிச் சோதிப்பது

கணக்கு மென்பொருளில் பாதித் தவறுகள் தேதியில்தான் ஒளிந்திருக்கும். ஏப்ரல் 1 அன்று பில் நம்பர் 1-லிருந்து தொடங்குகிறதா என்று பார்க்க ஏப்ரல் வரை காத்திருக்க முடியாது. 2025 செப்டம்பர் 22-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முந்தின நாள் வரை 1,000 ரூபாய்க்கு மேற்பட்ட ஆயத்த ஆடைக்கு 12% ஜி.எஸ்.டி. அன்றிலிருந்து 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%. 1,500 ரூபாய்ச் சட்டைக்கு 21-ஆம் தேதி ஒரு வரி, 22-ஆம் தேதி இன்னொரு வரி. 21-ஆம் தேதிப் பில்லை 25-ஆம் தேதி திறந்து பிரிண்ட் எடுத்தால் 12% தான் வர வேண்டும். உங்கள் மென்பொருளில் என்ன வருகிறது?

இதைச் சொந்த லேப்டாப்பில் தேதியை மாற்றிச் சோதித்தால் மெயில், பிரவுசர், கிட் எல்லாம் குழம்பும். வி.எம்.மின் முழுப் பிரதி, அதாவது முழு குளோன் எடுங்கள். நெட்வொர்க் அட்டையின் அடையாள எண்ணான மேக் முகவரியைப் புதிதாக உருவாக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் முட்டிக்கொள்ளும். அந்தக் குளோனில் தானியங்கித் தேதி நேரத்தை அணையுங்கள். கெஸ்ட் அடிஷன்ஸும் ஹோஸ்ட் நேரத்தையே திரும்பத் திரும்ப எழுதும், அதனால் இந்தக் குளோனிலிருந்து அதை நீக்கிவிடுங்கள். பிறகு தேதியை 2025 செப்டம்பர் 21 இரவு 11:55 என்று வைத்து, பில் போட்டுக்கொண்டே நள்ளிரவைத் தாண்டுங்கள். மெஷினை முழுதாக அணைத்து மறுபடி எழுப்பினால் தேதி ஹோஸ்ட்டின் இன்றைய தேதிக்கே வந்துவிடும், மறுபடி வைக்க வேண்டும்.

கரண்ட்

நம் பக்கம் மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாளை முன்னமே அறிவித்துவிடும். அந்த நாளில் யு.பி.எஸ். இருக்கிறதே என்று டெஸ்க்டாப்பில் வி.எம்.மை ஓட விடாதீர்கள். டேட்டாபேஸ் எழுதிக்கொண்டிருக்கும்போது ஹோஸ்ட் அணைந்தால் கெஸ்ட்டின் டிஸ்க் ஃபைலே கெடலாம். வி.எம். ஜன்னலை மூடும்போது மூன்றில் எது என்று கேட்கும். 'சேவ் ஸ்டேட்' இருந்த நிலையை அப்படியே உறைய வைக்கும், 'ஷட்டவுன் சிக்னல்' முறையாக அணைக்கும், 'பவர் ஆஃப்' ஒயரைப் பிடுங்குவதற்குச் சமம். முதல் இரண்டை மட்டும் பயன்படுத்துங்கள்.

அடுத்தவருக்குக் கொடுப்பது

சரியாக அமைந்த வி.எம்.மை 'எக்ஸ்போர்ட் அப்ளையன்ஸ்' மூலம் ஒரே ஓ.வி.ஏ. ஃபைலாக எடுக்கலாம். எடுப்பதற்கு முன் உள்ளே வாடிக்கையாளரின் உண்மையான டேட்டா இருக்கிறதா பாருங்கள். பார்ட்டி பெயர், ஜி.எஸ்.டி. எண், வங்கி விவரம், கிலோவுக்கு எவ்வளவு கூலி என்ற ரேட் எல்லாமே அவர்கள் நம்மை நம்பிக் கொடுத்தவை. பக்கத்து யூனிட்டின் டையிங் ரேட் வெளியே போனால் அவர்கள் தொழிலே அடிவாங்கும். போலிப் பெயரும் போலி எண்ணும் போட்ட மாதிரி டேட்டாவை ஏற்றிவிட்டு, பழைய ஸ்னாப்ஷாட்களையும் அழித்துவிட்டு, அதன் பிறகு எக்ஸ்போர்ட் கொடுங்கள்.

ஃபைல் எப்படியும் 4 ஜிபியைத் தாண்டும். ஃபேட்32 பென்டிரைவ் அதை ஏற்காது, எக்ஸ்ஃபேட்டுக்கு ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள். புதிதாகச் சேர்பவர் விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி 'இம்போர்ட்' கொடுத்தால் போதும். உள்ளே நுழைந்ததும் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லுங்கள், அடுத்து மெஷினை அணைத்து அவர் பெயரில் ஒரு ஸ்னாப்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள்.